நாலு விரற்கடை

எங்கள் களத்து மேட்டுக்கு அப்பால் சித்தப்பா தோண்டி வைத்திருந்த மணற்குழியில் ஒரு சட்டி மணல் குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். தெருப் பெண்கள் வேர்க்கடலை வறுக்க அந்த மணலைத்தான் எடுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வாலாஜாபாத் பாலாற்றிலிருந்து வண்டியில் வந்து, சல்லடையில் சலித்து, கல்லும் கிளிஞ்சலும் பொறுக்கிப் போட்ட மணல் அது. அவ்வளவு நல்ல மணலில் ஆள் விழுந்து புரளலாம், கடலை மட்டும் வறுக்கக் கூடாது என்றால் யார்தான் கேட்பார்கள்? என் அம்மாவே அந்தக் கட்சிதான். சித்தப்பா சைக்கிளில் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு சட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு போவாள். சாயந்திரம் அவர் வந்து குழியோரம் நின்று ஒரே ஒரு பார்வை பார்ப்பார்.

"அண்ணி, அந்த மூலைல யாரு கை வச்சது?"

"நாயி பறிச்சிருக்கும்" என்பாள் அம்மா, அடுப்படியிலிருந்தே. வறுத்த கடலை வாசனை வீடு முழுக்க இருக்கும்.

இந்தச் சட்டி மணலை மறந்துவிட வேண்டாம். நான் மறந்துபோனதால்தான் ஒரு விஷயம் புரிய எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

சித்தப்பா ஒரு காலத்தில் மும்முறைத் தாண்டுதலில் மாநில சாம்பியன். அப்போதெல்லாம் அதை ஹாப்-ஸ்டெப்-ஜம்ப் என்பார்கள். ஓடிவந்து பலகையை மிதித்து, மிதித்த காலிலேயே ஒரு தாவு, அடுத்த காலுக்கு மாறி ஒரு தாவு, மூன்றாவது தாவில் போய் மணலில் விழ வேண்டும். பள்ளியில் படிக்கும்போதே நாற்பத்தாறு அடி மூன்று அங்குலம் தாண்டினார். அதைப் பார்த்து மெட்ராஸ் கல்லூரி ஒன்று அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. மூன்று வருடம் தொடர்ந்து மாநிலத்தில் முதல். நாலாம் வருடம் வடக்கே ஏதோ ஒரு ஊரில் நடக்கும் முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அங்கே தேறியிருந்தால் வெளிநாடு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், மழை பெய்து நனைந்த மைதானத்தில் பலகை வழுக்கி, கணுக்கால் முறிந்துபோனது. எலும்பு கூடியது, ஆனால் கொஞ்சம் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு பயிற்சிக் கல்லூரியில் படித்து, தாம் படித்த பள்ளிக்கே டிரில் மாஸ்டராக வந்து சேர்ந்தார்.

என் அப்பா விவசாயி. தம்பியின் சரித்திரத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். "மொத தாவுல ஜில்லா. ரெண்டாவது தாவுல மெட்ராஸு. மூணாவது தாவுல மறுபடியும் நம்ம வூட்டு களத்துல வந்து வுழுந்தான்." சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே கணுக்காலைத் தடவிக்கொள்வார் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பென்னலூரைத் தாண்டி மூன்று மைல் தள்ளியிருந்தது அந்தப் பள்ளி. ஆறாம் வகுப்பில் அங்கே சேர்ந்ததும் நான் ஒரே நாளில் பெரிய மனுஷியாகிவிட்டேன். காரணம், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மாட்டியிருந்த கறுப்புப் பலகை. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எந்த ஊரில் ஓடினாலும் தாண்டினாலும் சரி, ஒவ்வொரு போட்டியிலும் யாருடையது அதிகமோ அவர் பெயரும் அளவும் வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கும். ஒரு போட்டிக்கு ஒரு வரி, ஒரு பெயர். ஹாப்-ஸ்டெப்-ஜம்புக்கு நேராகப் பதினைந்து வருடமாக என் சித்தப்பாவின் பெயர். "எங்க சித்தப்பா பேரு செவுத்துல கீது" என்று சொன்னால் தண்ணீர்ப் பானையருகே எனக்கு வழி விடுவார்கள். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்களுக்கு வேறு எந்த மரியாதையும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது ஏழுமலை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழிக்கு மணல் கொண்டுவந்த வண்டிக்காரரின் மகன். பதினோராம் வகுப்பு. ஒரு தடவை மணல் இறக்க வந்தபோது, மாடு மிரண்டு ஓட, வண்டியிலிருந்து குதித்து, ஏரிக் கால்வாயை ஒற்றைக் காலிலேயே தாண்டி அக்கரையில் போய் மாட்டை மறித்தார். மாட்டை எல்லோரும் பார்த்தார்கள். சித்தப்பா மட்டும் கால்வாயை எட்டு வைத்து அளந்து பார்த்தார். மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் ஏழுமலை அண்ணன் எங்கள் குழிக்கு வர வேண்டும் என்று ஆயிற்று.

சித்தப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எங்கள் குழியில் நாற்பத்தாறு அடி தொடாதவனை ஜில்லா போட்டிக்கு அழைத்துப் போக மாட்டார். ஜில்லாவில் முதலில் வந்தால் அவர் படித்த மெட்ராஸ் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கும். வண்டிக்காரரும் ஒரு கெடு வைத்திருந்தார். போட்டிக்கு முந்தின நாளான வெள்ளிக்கிழமை வரை பார்ப்பார். அதற்குள் மகன் தேறாவிட்டால் சனிக்கிழமை முதல் வண்டி ஓட்ட வர வேண்டும். ஆக, அந்த நாற்பத்தாறு அடிக்கு அப்பால் மெட்ராஸும், இப்பால் மணல் வண்டியும் இருந்தன. இது எனக்கும் தெரியும். நன்றாகவே தெரியும்.

குழியில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, ஒவ்வொரு தாவுக்குப் பிறகும் மணலை வாரிச் சமப்படுத்துவது. மற்றொன்று டேப்பைப் பிடிப்பது. நூறு அடி துணி டேப்பு அது. அதன் நுனி வளையத்தில் ஓர் ஆணி கோத்திருக்கும். விழுந்தவரின் குதிகால் மணலில் எங்கே பதிந்திருக்கிறதோ அங்கே நான் ஆணியைக் குத்த வேண்டும். சித்தப்பா மறுமுனையில், மிதிக்கும் பலகையோரம் குந்தியபடி, டேப்பை இழுத்துப் பிடித்து அளவைப் படிப்பார். ஆணி குத்தும் இடத்தில் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஏழுமலை அண்ணன் அதற்குள் மணலைத் தட்டிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருப்பார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, பள்ளியில் உயரம் தாண்டுதல் பெயரை அழிக்கும் வரையில். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை முறியடித்திருந்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் பெயிண்டர் வந்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, பழைய பெயரின்மேல் நாலு தடவை தேய்த்தார். பெயர் வெள்ளைச் சேறாக வழிந்து காணாமல் போனது. "யாருண்ணே இது, இப்ப எங்க கீறாரு?" என்று கேட்டேன். "எனுக்கு இன்னா தெரியும். போர்டுல கீற வரைக்கும்தான் ஆளு" என்றார் பெயிண்டர். அவர் சும்மா சொல்லியிருப்பார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மாலை ஏழுமலை அண்ணன் விழுந்த இடத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். முந்தின நாள் நாற்பத்தைந்து அடி ஒன்பது அங்குலம். இன்றைக்கு அதைவிடத் தள்ளி விழுந்திருந்தார். கணக்கில் மந்தமான எனக்கும் அது எவ்வளவு என்று தெரிந்தது. நாற்பத்தாறு தொட்டுவிட்டார். தொட்டால் போட்டிக்குப் போவார். போனால் இன்னும் மூன்று அங்குலம் தாண்டிவிடுவார். அப்புறம் மண்ணெண்ணெய்த் துணி வரும்.

ஆணியைக் குதிகால் தடத்திலிருந்து மிதிக்கும் பலகைப் பக்கமாக நாலு விரற்கடை, சுமார் மூன்று அங்குலம், உள்ளே தள்ளிக் குத்தினேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

சித்தப்பா படிக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "நாப்பத்தஞ்சு, ஒம்பது" என்றார். நான் உடனே மணலை வாரிவிட்டேன்.

மறுநாளும் நாலு விரல். அதற்கு மறுநாளும். தப்பு செய்வதிலும் நான் ஒழுங்கானவள், மூன்று விரலும் இல்லை, ஐந்தும் இல்லை. இரண்டாம் நாள் என்று நினைக்கிறேன், அளவு படித்துவிட்டுச் சித்தப்பா எழுந்து குழியை நோக்கிப் பாதி தூரம் வந்தார். அவர் அங்கேயே நின்றார். குனிந்து கணுக்காலைத் தடவிக்கொண்டார். "செரி, நாளைக்கி பாக்கலாம்" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

இப்படிப் பன்னிரண்டு நாள். சித்தப்பா ஏழுமலை அண்ணனின் ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். செங்கல்களை வரிசையாக அடுக்கி ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னார். ஏரிக்கரை மேட்டில் ஏற விட்டார். அளவு மட்டும் நகரவில்லை. அண்ணனின் கன்னம் ஒட்டிப்போனது. அவர் தினமும் எனக்கு ஒரு பிடி கொடுக்காப்புளி கொண்டுவந்து தருவார். ஒருநாள் அதை என் கையில் வைத்துவிட்டு, "பாப்பா, நீதான் கிட்டக்க கீற. நான் வுழும்போது எங்க தப்பு பண்றேன், பாத்து சொல்லு" என்று கேட்டார்.

"கால்லதான்" என்றேன்.

"அதான் நானும் நெனைச்சேன்" என்றார் அவர்.

அந்தக் கொடுக்காப்புளியைத் தின்ன முடியாமல் வேலியோரம் கொட்டிவிட்டேன். ஆனாலும் அடுத்த தாவுக்கு ஆணி நாலு விரல் உள்ளேதான் இறங்கியது. எனக்கு ஏழுமலை அண்ணனைப் பிடிக்கும். சித்தப்பாவை அதைவிடப் பிடிக்கும். பதினொரு வயதில் எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டிக்காரர் நேரே வண்டியோடு வந்து களத்தில் நிறுத்திவிட்டார். மாட்டை அவிழ்க்கவில்லை. அப்பாவும் கலப்பையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். ஏழுமலை அண்ணன் கையால் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடிவந்தார். பலகையில் கால் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்றாவது தாவில் மணல் என் முகம் வரைக்கும் தெறித்தது. அதுவரை யாரும் விழாத இடம். நாற்பத்தாறு அடியைத் தாண்டியும் இரண்டு அங்குலம் இருக்கும்.

ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். வண்டி மாடு வாலை வீசிக்கொண்டிருந்தது. அப்புறம் வழக்கம்போலக் குத்தினேன்.

"நாப்பத்தஞ்சு, பதினொண்ணு" என்றார் சித்தப்பா.

"ஒரு அங்குலந்தான வாத்தியாரே" என்றார் வண்டிக்காரர். கெடு வைத்தவரே கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"அங்குலம்னா அங்குலந்தான்."

ஏழுமலை அண்ணன் முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "பரவால்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறி, தம் அப்பாவின் கையிலிருந்து மூக்கணாங்கயிற்றை அவரே வாங்கிக்கொண்டார். வண்டி ஏரிக்கரையில் ஏறி மறையும் வரையில் யாரும் நகரவில்லை.

நான் மணலை வாரக் குனிந்தேன். "வாராத, வுடு" என்றார் சித்தப்பா. அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். வேலி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் குழிக்குள் இறங்கி, மண்டியிட்டு, மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சாணி அள்ளும் கூடை பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தபோது சைக்கிளைக் காணோம், சித்தப்பாவையும் காணோம். குழிக்கு நடுவில் அந்தக் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல் வைத்திருந்தது. கோழி அடை வைத்திருக்கிறாரா என்றுகூட நினைத்தேன். தூக்கிப் பார்த்தால் குதிகால் தடம் அப்படியே இருந்தது. அதற்கு இப்பால் ஆணி குத்திய ஓட்டை. நடுவில் நாலு விரற்கடை மணல், கைபடாமல். குழந்தை புத்தி எப்படி ஓடியது பாருங்கள். நாய் மிதிக்காமல் இருக்க மூடி வைத்திருக்கிறார், சாவகாசமாக வந்து பார்க்கப்போகிறார், இன்னும் பார்க்கவில்லை என்று முடிவு கட்டினேன். அவசர அவசரமாகத் தடத்தையும் ஓட்டையையும் கையால் தேய்த்து அழித்துவிட்டு, கூடையை இருந்தபடி கவிழ்த்து, கல்லையும் வைத்தேன்.

சித்தப்பா போனது ஏழுமலை அண்ணன் வீட்டுக்கு. மாடு பூட்டிக்கொண்டிருந்தவரை அப்படியே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்துப் போட்டிக்குப் போய்விட்டார். நாற்பத்தாறு அடிக் கண்டிப்பு என்ன ஆயிற்று என்று வண்டிக்காரர் கேட்டாராம். "வா, சொல்றேன்" என்று ஏழுமலை அண்ணனிடம் மட்டும் சொன்னாராம் சித்தப்பா.

சாயந்திரம் கழுத்தில் மாலையோடு வந்து இறங்கினார் ஏழுமலை அண்ணன். நாற்பத்தாறு அடி ஆறு அங்குலம். ஜில்லாவில் முதல். வண்டிக்காரர் எங்கள் வாசலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சித்தப்பா நேரே குழிக்குப் போய், ஒரு சட்டி நிறைய மணலைத் தானே அள்ளிக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். "வறுங்க அண்ணி. எல்லாருக்கும் வறுங்க." அம்மா சட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்குத் தெருவே கடலை தின்றது.

திங்கட்கிழமை பெயிண்டர் வரவில்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் கை அல்லவா, நானே எழுதிவிடுகிறேன் என்று சித்தப்பா தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டார். பெயிண்ட் கிண்ணத்தைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். ஸ்டூலில் ஏறி, துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தம் பெயரைத் தாமே துடைத்தார். பெயிண்டர் நாலு தடவை தேய்த்து முடித்த வேலைக்கு அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. முதலெழுத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். எனக்குத் தாங்கவில்லை, அழுகை வந்துவிட்டது.

"சித்தப்பா, நான்தான்... டேப்ப..."

"தெரியும்" என்றார், பலகையைப் பார்த்தபடியே. "கிண்ணத்த நேரா புடி."

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அவர் ஏழுமலை அண்ணனின் பெயரை நிதானமாக, தம்முடையதைவிடப் பெரிய எழுத்தில் எழுதி முடித்தார். கீழே இறங்கி, மண்ணெண்ணெய் நாற்றமடிக்கும் கையால் என் தலையைத் தொட்டார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் மெட்ராஸ் கிளம்பும் முன் ஏழுமலை அண்ணன் வீட்டுக்கு வந்தார். சித்தப்பா இல்லை. கடைசியாக ஒரு பிடி கொடுக்காப்புளியை என்னிடம் கொடுத்துவிட்டு, "சாரு எல்லாத்தையும் என்கிட்ட சொல்ட்டாரு பாப்பா" என்றார். கொடுக்காப்புளியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சொன்னாரு?"

"டேப்ப அவுருதான் தப்பா படிச்சாராம். பன்னெண்டு நாளும். அன்னிக்கி பஸ்ல என் கைய புடிச்சிகினு சொன்னாரு. சாரு அழுது நான் பாத்ததே இல்ல பாப்பா. எனுக்கு ஒரு மாறி ஆயிடிச்சி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல், செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார் என் சித்தப்பா. பிற்பாடு எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளிடமும் சொன்னேன். சித்தப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன்.

சித்தப்பா போய்ச் சேர்ந்த வருடம், காரியம் முடிந்த அன்று, அம்மா பேச்சுவாக்கில் அந்தக் கடலைக் கதையை எடுத்தாள். ஒரு சட்டி மணல் குறைந்தால்கூட எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுவாரே அந்த மனுஷர் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் தாண்டியவர், மற்றவர்கள் தாண்டுவதை ஆயிரம் தடவை பார்த்தவர், நாலு விரற்கடையைப் பன்னிரண்டு நாளாகப் பார்க்காமலா இருந்திருப்பார்? பாதி வழி வந்து திரும்பிப் போனாரே, அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், என்னைப்போலவே பள்ளிப் பலகையிலிருந்த தம் பெயரை நினைத்து, தினம் தினம் நான் கொடுத்த அளவை உரக்கப் படித்திருக்கிறார்.

எனக்காக அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏழுமலை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது முழு உண்மை.